தலைப்பாகையில் தொடங்கிய ஆட்டம்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் உடை விதிகள்

சில வாரங்களுக்கு முன் பாடம் முடிந்து கிதாபுகளை மூடிக்கொண்டிருந்த வேளையில் மாணவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் கால்பந்து ஆடும் படம் அது. தலையை முழுதாக மூடிய கவசம், முகத்துக்கு முன்னே கம்பி வலை, பலகையை வைத்துக் கட்டியது போன்ற தோள் காப்பு. "உஸ்தாத், இவர்கள் விளையாடப் போகிறார்களா, போருக்குப் போகிறார்களா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். எனினும் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. ஒரு விதியைக் கண்டால் அதன் காரணத்தை, அதாவது இல்லத்தைத் தேடுவது ஃபிக்ஹு படித்தவனின் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு இந்த உடையின் வரலாற்றைப் படிக்கப் புகுந்தேன். விளையாட்டுச் செய்தியைத் தேடிப் போன எனக்கு, இளைஞர்களின் மரணக் கணக்கே முதலில் எதிர்ப்பட்டது.

முதலில் ஒரு விளக்கம். நம் தெருப் பிள்ளைகள் ஆடும் கால்பந்து வேறு, இது வேறு. இரு முனையும் கூர்ந்த பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே இந்த ஆட்டம். பந்தை ஏந்தியவரை மோதிக் கீழே தள்ளுவது இங்கே குற்றமன்று. அதுவே ஆட்டத்தின் வழி. அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கும் அன்று. ஊரின் மானமும் பெரும் பணமும் அதில் கலந்திருக்கின்றன.

1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் கல்லூரி மாணவர்களும் பிரின்ஸ்டன் கல்லூரி மாணவர்களும் அணிக்கு 25 பேராக மோதினார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான முதல் ஆட்டமாக அதனைக் கொள்கிறார்கள். அன்று யாருக்கும் சீருடை இல்லை. கோட்டையும் தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டு அன்றாட உடையிலேயே இறங்கினார்கள். ஐம்பது பேர் கலந்து ஓடும்போது தன் ஆள் யார், எதிராளி யார் என்று தெரிய வேண்டுமல்லவா? ரட்கர்ஸ் மாணவர்கள் செந்நிறத் துணியைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டார்கள். ஆம், பிற்காலத்தில் கவசம் ஏறப்போகும் தலையில் முதலில் ஏறியது தலைப்பாகைதான். ஆட்டத்தை 6-4 என்று அவர்களே வென்றார்கள். செந்நிறம் இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் நிறம்.

எழுதப்பட்ட விதி சிறிது காலம் கழித்தே வந்தது. 1876இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா கல்லூரிகளின் பிரதிநிதிகள் கூடி, இங்கிலாந்தின் ரக்பி விதிகளைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றார்கள். அவற்றுள் ஒன்று, வெளியே நீட்டிய ஆணியோ இரும்புத் தகடோ பொருத்திய காலணியை அணிந்தவர் ஆடக்கூடாது என்பது. பின்னர், எதிராளியின் பிடி வழுக்கும்படி உடலிலும் உடையிலும் எண்ணெய்ப் பசை பூசிக்கொள்வதும் தடுக்கப்பட்டது. இந்த முதல் விதிகள் எதுவும் வீரரைப் பாதுகாத்துக்கொள்ளச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அடுத்தவரைக் காயப்படுத்தாதே, ஏமாற்றாதே என்ற அளவில் அவை நின்றன. தன் தலையைக் காப்பது அவரவர் பாடு.

தலையைக் காக்க அவர்கள் செய்தது வேடிக்கையானது. 1890களில் வீரர்கள் முடியை நீளமாக வளர்த்தார்கள். அடர்ந்த முடி அடியைத் தாங்கும் என்பது நம்பிக்கை. அக்காலப் புகைப்படங்களில் இருக்கும் பரட்டைத் தலைகளுக்கு இதுவே காரணம். சிலர் மூக்குக்கு மட்டும் ரப்பர் காப்புக் கட்டிக்கொண்டார்கள்.

1893இல் கடற்படைக் கல்லூரி மாணவர் ஜோசப் ரீவ்ஸ் என்பவரை மருத்துவர் எச்சரித்தார். தலையில் இன்னுமோர் அடி பட்டால் மரணம், இல்லையேல் புத்தி பேதலிப்பு என்றார். வேறொருவராக இருந்தால் ஆட்டத்தை விட்டிருப்பார். அவரோ அன்னாபொலிஸ் நகரில் காலணி தைப்பவர் ஒருவரிடம் போய்த் தடித்த தொப்பியொன்றைத் தைத்து வாங்கி, அதை அணிந்துகொண்டு ராணுவக் கல்லூரிக்கு எதிராகக் களமிறங்கினார். பிற்காலத்தில் அவர் அமெரிக்கக் கடற்படையின் அட்மிரல் ஆனார். இந்த ஆட்டத்தில் தலைக்கவசம் அணிந்த முதல் மனிதராகப் பலர் அவரைச் சொல்கிறார்கள். வேறு சிலர், 1896இல் லாஃபயெட் கல்லூரியின் ஜார்ஜ் பார்க்ளே குதிரைச் சேணம் போன்ற தோல் வார்களால் செய்துகொண்ட காப்பையே முதலாவது என்கிறார்கள். யாராக இருந்தாலும், அது அவரவர் சொந்த ஏற்பாடு. விதி வாய் திறக்கவில்லை.

அதற்குள் ஆட்டம் கொடூரமாகிவிட்டது. வீரர்கள் ஒருவரோடொருவர் கைகோத்து ஆப்பு வடிவில் ஒரே திரளாக எதிரணியின் ஒருவர் மீது பாயும் உத்தி பரவியிருந்தது. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் பள்ளி, கல்லூரி என எல்லாத் தளங்களிலும் 18 பேர் இறந்ததாக அக்காலச் செய்தித்தாள் கணக்கொன்று சொன்னது. அதே ஆண்டு அக்டோபர் 9 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகளின் ஆட்டப் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அவருடைய மகனும் அப்போது ஹார்வர்டின் முதலாண்டு அணியில் ஆடிக்கொண்டிருந்தார். யேலின் முதலாண்டு அணியோடு நடந்த ஆட்டத்தில் அந்தப் பிள்ளையின் மூக்கு உடைந்தது. நவம்பர் 25 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டமொன்றில் யூனியன் கல்லூரி மாணவர் ஹெரால்டு மூர் தலையில் அடிபட்டு இறந்துபோனார். எதிரணியான நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஹென்றி மெக்ராக்கன் மற்றக் கல்லூரிகளை உடனே ஒன்றுகூட்டினார். அந்தக் கூட்டங்களிலிருந்து 1906இல் பிறந்த சங்கம்தான் 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்று வழங்கும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்.

இத்தனை மரணங்களுக்குப் பிறகு கூடியவர்கள் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருப்பார்கள் என்றே நான் எண்ணினேன். இல்லை. அவர்கள் ஆட்டத்தைத்தான் மாற்றினார்கள். பந்தை முன்னோக்கி எறிய அனுமதித்தார்கள்; இரு வரிசைகளுக்கு நடுவே இடைவெளி வைத்தார்கள்; திரளாக மோதுவதற்கான தேவையைக் குறைக்க முயன்றார்கள். அது போதவில்லை. 1909இல் ஹார்வர்டுக்கு எதிரான ஆட்டத்தில் ராணுவக் கல்லூரி மாணவர் ஒருவர் கழுத்து முறிந்து இறந்தார். விதிகள் மீண்டும் திருத்தப்பட்டன. தலைக்கவசமோ அப்போதும் அவரவர் விருப்பமாகவே இருந்தது.

இந்த இடத்தில் கார்லைல் பள்ளியின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பென்சில்வேனியா மாநிலத்தில் பழைய ராணுவக் குடியிருப்பொன்றில் 1879இல் தொடங்கப்பட்ட உறைவிடப் பள்ளி அது. அமெரிக்கப் பூர்வகுடிகளின் பிள்ளைகளைக் கொண்டுவந்து, முடியை வெட்டி, அவர்களுடைய உடையைக் களைந்து ராணுவப் பாணிச் சீருடையை மாட்டி, தாய்மொழி பேசுவதைத் தடுத்து 'நாகரிகப்படுத்துவது' அதன் நோக்கம். சீருடை என்ற சொல்லுக்கு இப்படியும் ஒரு வரலாறு உண்டு. அந்தப் பிள்ளைகள்தாம் கால்பந்துக் களத்தில் நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்களைத் திணறடித்தார்கள்.

அவர்களின் பயிற்சியாளர் கிளென் வார்னர், விதிப்புத்தகத்தில் எழுதப்படாத இடங்களைத் தேடிக் கண்டுபிடிப்பதில் வல்லவர். 1903 அக்டோபர் 31 அன்று ஹார்வர்டுக்கு எதிரான ஆட்டத்தில், சார்லஸ் டில்லன் என்ற வீரரின் ஜெர்சி விளிம்பில் எலாஸ்டிக் தைத்து வைத்திருந்தார்கள். ஹார்வர்ட் உதைத்த பந்தைப் பிடித்ததும் கார்லைல் வீரர்கள் வட்டமாகக் கூடினர். பந்து டில்லனின் முதுகுப்புறம் ஜெர்சிக்குள் போனது. வட்டம் கலைந்து ஆளுக்கொரு திசையில் ஓடியபோது பந்து யாரிடம் என்று ஹார்வர்ட் வீரர்களுக்கு விளங்கவில்லை. டில்லன் வெறுங்கையை வீசிக்கொண்டே களத்தின் முழு நீளத்தையும் ஓடி முடித்தார். அப்படியும் ஹார்வர்ட் 12-11 என்று வென்றுவிட்டது வேறு கதை. பந்தை உடைக்குள் மறைப்பது இன்று தெளிவாகத் தடுக்கப்பட்ட செயல்.

வார்னர் அத்துடன் நிற்கவில்லை. 1908இல் தம் வீரர்களின் ஜெர்சி மீது பந்தின் வடிவிலேயே தோல் துண்டுகளைத் தைத்தார். தொலைவிலிருந்து பார்த்தால் ஒவ்வொருவரும் பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவது போலிருக்கும். ஹார்வர்டின் பயிற்சியாளர் பெர்சி ஹாட்டன் ஆட்சேபித்தபோது, விதியில் தடை எங்கே இருக்கிறது என்று வார்னர் கேட்டதாகச் சொல்வார்கள். உண்மையில் தடை இல்லை. மறுநாள் ஆட்டத்துக்கு ஹாட்டன் கொண்டுவந்த பந்துகள், ஹார்வர்ட் ஜெர்சியின் அதே கருஞ்சிவப்பு வண்ணம் பூசியவை! பந்தின் நிறத்தைப் பற்றியும் விதி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டு, ஒருவர் தோல் துண்டையும் மற்றவர் வண்ணப் பந்தையும் கைவிட்டார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. தந்திரத்துக்கு மாற்றுத் தந்திரம் தேடும் வழக்குகளை ஃபிக்ஹு நூல்களில் படித்துச் சிரித்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஆனால் கார்லைல் பிள்ளைகளை நினைக்கும்போது, உடையை மாற்றித் தங்களை அடக்கியவர்களை உடையாலேயே ஒரு நாழிகை திகைக்க வைத்தார்களே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்சியில் எண் வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பார்வையாளருக்கும் நடுவருக்கும் வீரரை அடையாளம் காட்டவே எண் வந்தது. முன்னும் பின்னும் எண் இருக்க வேண்டும் என்பது 1937இல் கட்டாயமாயிற்று.

இறுதியாக 1939இல் கல்லூரி வீரர் ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிந்தே தீர வேண்டும் என்ற விதி வந்தது. ரீவ்ஸ் தொப்பி தைத்துக்கொண்டு 46 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே ஆண்டில் சிகாகோவின் ரிடெல் நிறுவனம் பிளாஸ்டிக் தலைக்கவசத்தையும் கொண்டுவந்தது. தோல் கவசம் மெல்ல மறைந்தது. ஆயினும் முகம் திறந்தே இருந்தது.

திறந்திருந்த அந்த முகத்தில் ஒன்று ஜானி பிரைட் என்ற கறுப்பின மாணவருடையது. அயோவா மாநிலத்தின் டிரேக் பல்கலைக்கழக அணியில் ஆடிய அவர், அப்போது நாட்டின் மிகச் சிறந்த வீரர்களில் ஒருவர். 1951 அக்டோபர் 20 அன்று ஓக்லஹோமா மாநிலத்தின் ஸ்டில்வாட்டர் நகரில், ஓக்லஹோமா ஏ அண்டு எம் கல்லூரிக்கு எதிராக ஆடினார். முதல் ஏழு நிமிடங்களுக்குள் எதிரணி வீரர் ஒருவரே அவரை மூன்று முறை நினைவிழக்கச் செய்தார். பந்து பிரைட்டின் கையை விட்டுப் போன பிறகு, ஆட்டம் வேறு பக்கம் நடந்துகொண்டிருக்கையில் முகத்தில் விழுந்த அடியால் தாடை முறிந்தது. நடுவர்கள் தண்டனை எதுவும் தரவில்லை. டி மாயின் நகரின் நாளிதழ் அனுப்பியிருந்த இரு புகைப்படக்காரர்கள் அந்த அடியைத் தொடர் படங்களாகப் பதிவு செய்திருந்தார்கள். படங்கள் நாடெங்கும் வெளியாகின. மறு ஆண்டு அவற்றுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. எதிரணிக் கல்லூரியும் அவர்கள் சேர்ந்திருந்த போட்டி அமைப்பும் நடவடிக்கை எடுக்க மறுத்ததால், டிரேக் அந்த அமைப்பிலிருந்தே வெளியேறியது. பிராட்லி பல்கலைக்கழகமும் துணையாக வெளியேறியது.

சட்டத்துக்குப் புறம்பாக மோதுவதைப் பற்றிய விதிகள் அதன்பின் கடுமையாயின. முகக்காப்புப் பொருத்திய கவசங்கள் பரவியதற்கும் அந்தப் படங்கள் ஒரு காரணம் என்பார்கள். பிரைட் கனடாவுக்குப் போய் அங்கே புகழ்பெற்ற வீரராகவும், பின்பு ஆசிரியராகவும் பள்ளித் தலைமையாசிரியராகவும் வாழ்ந்து 1983இல் இறந்தார். அந்த ஓக்லஹோமா கல்லூரி, இப்போது பல்கலைக்கழகம், 2005இல்தான் மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. அதைப் படிக்க அவர் உயிரோடு இல்லை. வெறுப்போடு ஓங்கும் முழங்கைக்கு எதிராகக் கம்பி வலை எவ்வளவு தூரம் உதவும் என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

முகக்காப்பு வந்ததும் அதைப் பிடித்து இழுக்கும் பழக்கமும் வந்தது. கம்பியைப் பிடித்துத் திருகினால் கழுத்து முறியும். ஆகவே 1950களின் பிற்பகுதியில் அதையும் தடுக்க விதி எழுத வேண்டியதாயிற்று. இதைவிடப் பெரிய சோதனை வேறிடத்தில் காத்திருந்தது. கவசம் உறுதியாக ஆக, வீரர்கள் தலையையே ஈட்டியாக நீட்டி மோதத் தொடங்கினார்கள். முன்பு தலையில் அடிபடும் என்ற அச்சத்தால் தலையை ஒதுக்கித் தோளால் மோதியவர்கள், இப்போது அந்த அச்சம் நீங்கியதால் தலையை முன்னே கொடுத்தார்கள். பயிற்சியாளர்களில் பலர் அப்படித்தான் கற்றும் கொடுத்தார்கள். மண்டையைக் காத்த கவசம் கழுத்தைக் காக்கவில்லை. கால்பந்து மரணங்களைத் தேசிய அளவில் 1931 முதல் பதிவு செய்துவருகிறார்கள். 1968ஆம் ஆண்டில் மட்டும் எல்லாத் தளங்களிலும் சேர்த்து 36 பேர் ஆட்டத்தில் பட்ட அடியால் நேரடியாக இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். நம் வீட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளின் வயதுதான்.

மறு ஆண்டே விளையாட்டுச் சாதனங்களின் தரத்தை வகுக்கும் தேசியக் குழு உருவானது. 1973இல் தலைக்கவசத்துக்கான தர அளவு வெளியாயிற்று. அந்தச் சோதனையில் தேறிய கவசத்தை மட்டுமே அணியலாம் என்று 1978இல் கல்லூரிகளுக்கு விதியாயிற்று. பல்லைக் காக்கும் வாய்க்காப்பு 1973இல் கட்டாயமானது. ஆனால் பெரும் மாற்றத்தைத் தந்தது சாதன விதியன்று. தலைக்கவசத்தை ஆயுதமாக்கி மோதுவதை 1976இல் தடுத்தார்கள். அந்தப் பருவத்தில் 34 இளைஞர்கள் கழுத்துத் தண்டுவடம் முறிந்து கை கால் இரண்டும் விளங்காமற் போனார்கள் என்பது மருத்துவர் ஜோசப் டார்க் திரட்டிய கணக்கு. 1984இல் அது ஐந்தாகக் குறைந்தது. 1990இல், பதிவு தொடங்கிய பிறகு முதன்முறையாக, நேரடி மரணம் ஒன்றுகூட நிகழாத ஆண்டு வாய்த்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று எந்த நாட்டுத் தாய்க்காகவும் சொல்லலாம்.

எல்லா உடை விதியும் உயிரைப் பற்றியதன்று. பிடித்தால் கிழிந்து கையோடு வரும்படி மெல்லிய துணியில் ஜெர்சி தைத்து, பிடியிலிருந்து நழுவும் வழக்கம் 1970களில் பெருகியது. ஆட்டத்துக்கு நான்கைந்து ஜெர்சி கிழியும்; ஓரத்தில் போய் மாற்றிக்கொண்டு வருவார்கள். 1982இல் அதைத் தடுத்தார்கள். கண்ணைக் கூசும் ஒளி தாக்காதிருக்கக் கன்னத்தில் பூசும் கரும்பூச்சில் சிலர் எழுத்துகள் எழுதத் தொடங்கினர். ஃபுளோரிடாவின் டிம் டீபோ பைபிள் வசன எண்களை எழுதினார். 2010இல் பூச்சில் சொல், எண், சின்னம் எதுவும் கூடாது என்று விதித்தார்கள். சமயத்தைத் தடுக்கும் விதி என்று சிலர் குறைபட்டார்கள். தொலைபேசிப் பகுதி எண்ணை எழுதியவரையும் அதே விதி கட்டுப்படுத்தியதால், அந்தக் குறையை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

நிறத்தைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி மட்டும் நினைவில் நிற்கிறது. விருந்தாளி அணி வெண்ணிற ஜெர்சி அணிய வேண்டும் என்பது விதியாக இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இரு பல்கலைக்கழகங்களான யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும் முற்காலத்தில் தத்தம் சொந்த நிறத்திலேயே மோதிவந்தன. அந்த மரபை மீட்க விரும்பி, 2008 டிசம்பரில் விருந்தாளியாகச் சென்ற யு.எஸ்.சி. தெரிந்தே தன் சிவப்பு ஜெர்சியில் இறங்கியது. தண்டனையாக அதன் இடைநிறுத்த வாய்ப்புகளில் ஒன்றை நடுவர் பறித்தார். உடனே யு.சி.எல்.ஏ. பயிற்சியாளர், எதிரணிக்கு நேர்ந்த இழப்பை ஈடுகட்டத் தம்முடைய இடைநிறுத்தத்தில் ஒன்றைத் தாமே வீணாக்கிவிட்டார். அடுத்த ஆண்டு விதி தளர்த்தப்பட்டது. இரு அணியும் இசைந்தால் இருவரும் வண்ணம் அணியலாம்.

மற்றவை அண்மைக் காலத்தவை. தலையையும் கழுத்தையும் குறிவைத்து மோதுபவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் விதி 2013இல் வந்தது. காற்சட்டையும் காப்பும் முழங்காலை மூட வேண்டும் என்பதை 2018இல் வலியுறுத்தினார்கள்; குட்டைக் காற்சட்டையை மேலே ஏற்றிவிட்டு ஓடுவது இளைஞர்களிடையே நாகரிகமாகியிருந்ததே காரணம். 2012 முதல், ஆட்டத்தின் நடுவே தலைக்கவசம் கழன்றுவிட்டால் அந்த வீரர் மேற்கொண்டு மோதக்கூடாது. அடுத்த ஆட்டத் துணுக்குக்கு வெளியே போய் நிற்க வேண்டும். மருத்துவர் சாவைச் சொல்லி எச்சரித்தும் தொப்பி தைத்துக்கொண்டு ரீவ்ஸ் இறங்கிய அதே ஆட்டம்தான் இது.

இன்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் தலைமைப் பயிற்சியாளர் நடுவரிடம் எழுத்தில் உறுதி தர வேண்டும். கட்டாயக் காப்புகள் எவை என்று வீரர்களுக்குச் சொல்லப்பட்டது, அவை வழங்கப்பட்டன, அணியும் முறை கற்பிக்கப்பட்டது என்று அவர் ஒப்புக்கொள்கிறார். களத்தில் இறங்கும் தலைக்கவசம் ஒவ்வொன்றிலும் இரண்டு அடையாளங்கள் இருக்க வேண்டும் என்கிறது விதி. தரச் சோதனையில் தேறியதற்கான முத்திரை ஒன்று. மற்றொன்று எச்சரிக்கைச் சீட்டு. இந்த விளையாட்டில் தலையிலும் கழுத்திலும் காயம் நேரலாம், எந்தக் கவசமும் அதை முற்றிலும் தடுக்காது, கவசத்தால் எவரையும் முட்டாதே என்ற கருத்தை அது அணிபவருக்குச் சொல்கிறது.